உப்புக் கரையில் நீல இரும்பு

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டிக்குள் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். தூத்துக்குடியில் இருந்தபோது வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நெருக்கியவர் ஆஷ். இந்த அரசியல் கதை ஊரறிந்தது. துப்பாக்கியின் இரும்புக் கதையை அதிகம் பேர் பேசுவதில்லை.

அக்காலத் துப்பாக்கிகளின் கருநீல மெருகு பெயின்ட் அல்ல. எஃகின் மேற்பரப்பைக் கட்டுப்பாட்டோடு துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவைக் கருப்பாக மாற்றி உண்டாக்கும் மெல்லிய ஏடு அது. பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கும் புளியும் எலுமிச்சையும் இதன்மீது பட்டால் நீலமே கரைந்து வெள்ளெஃகு தெரியும். வினிகரும் அப்படித்தான். மண்ணெண்ணெய் நீலத்தைத் தொடாது. ஆனால் அழுக்கை இளக்கிவிட்டு ஆவியாகிவிடும் என்பதால், பின்னால் நல்ல எண்ணெய் தடவியே ஆக வேண்டும், அதுவும் தூத்துக்குடி போல உப்பளங்கள் சூழ்ந்த ஊரில்!

உப்பு காற்றில் மட்டும் வரவில்லை, தோட்டாவிலேயே இருந்தது. அன்றைய தோட்டாக்களில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் சேர்ப்பது வழக்கம். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகி, அதாவது கறியுப்பின் நெருங்கிய உறவாகி, குழலுக்குள் படியும். ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் பிரிட்டிஷ் ராணுவத்தில் சுட்ட துப்பாக்கியின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். துருவுக்குப் பயந்து தண்ணீரையே ஊற்றியது விநோதம்தான், ஆனாலும் வேதியியல் சரி.

கடையில் விற்கும் கரைப்பான்களும் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன: 1903இல் அமெரிக்காவில் ஹாப்பியின் 'நம்பர் 9', அடுத்த ஆண்டு ஜெர்மனியில் 'பாலிஸ்டால்'. அம்மோனியா கலந்த கரைப்பான்கள் தோட்டாவிலிருந்து குழலில் ஒட்டிய செம்பை எடுத்துவிடும். எஃகின் நீலத்துக்கு அவற்றால் பெரிய கேடில்லை. நிக்கல் முலாமுக்குத்தான் ஆபத்து. பல கைத்துப்பாக்கிகளில் நிக்கலுக்கு அடியில் ஒரு செம்புப் படலம் உண்டு. முலாமில் கீறல் இருந்தால் அம்மோனியா உள்ளே நுழைந்து அதையும் கரைக்க, மேலே உள்ள நிக்கல் உரியும்.

1920களில் துருப்பிடிக்க வைக்காத பற்றுமருந்து அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சந்தைக்கு வந்தது. இந்தியாவில், புனே அருகே கிர்க்கியில் செய்த .303 தோட்டாக்களில் பழைய குளோரேட் மருந்தே பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. அவற்றைச் சுட்டவர்களுக்கு வெந்நீர்ப் புனலைத் தூக்கி எறிய வழியில்லை.