கொச்சி சமஸ்தானப் படை

மட்டாஞ்சேரி அரண்மனையில் முடிசூடிய மன்னர்களின் படை. பொதுவழக்கில் நாயர் பட்டாளம். 1791 ஒப்பந்தம் கொச்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பம் கட்டும் அரசாக்கியது. 1809இல் கொச்சியின் முதலமைச்சர் பாலியத்தச்சனின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டதும் கம்பெனிப் பட்டாளம் ஒன்றின் செலவும் கொச்சியின் தலையில் விழுந்தது. சொந்தப் படைக்குக் காவலும் சடங்குமே மிஞ்சின. ஆகவே கொச்சியின் படை உரிமை 1947க்கு வெகுமுன்பே கைநழுவிவிட்டது எனலாம். 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூர்-கொச்சி உருவானது. அரசியலமைப்பின் 259ஆம் பிரிவு இத்தகைய மாநிலங்கள் படை வைத்திருக்கத் தற்காலிகமாக இடமளித்தாலும், அப்படையை ஒன்றியப் படையின் அங்கமாகவே கருதியது. 1956இல் அப்பிரிவும் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் ஆளுநர் ஆணைக்குட்பட்ட தேசியக் காவல்படை இருக்கிறதே, இந்திய மாநிலங்களுக்கு ஏன் இல்லை எனக் கேட்பது நியாயமே. ஆனால் உள்ளூர்த் துணைப்படைக்கு மாநிலத் தலைமை கட்டாயமல்ல: 1949இல் தொடங்கிய பிரதேச ராணுவம் ஒன்றியத்தின் கீழேயே இயங்குகிறது, அதன் 122ஆம் மெட்ராஸ் பட்டாலியன் 2024 வயநாடு நிலச்சரிவு மீட்பில் பங்கேற்றது.