நோயாளி அழைப்பு மணி: கம்பி மணி முதல் கணினி வரை

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் நோயாளி செவிலியரை உதவிக்கு அழைக்கப் பயன்படுத்தும் கருவி நோயாளி அழைப்பு மணி எனப்படும். இன்று பல பெரிய மருத்துவமனைகளில் இது கணினி வலையமைப்பின் ஒரு பகுதியாக இயங்குகிறது. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பன போன்ற சிறு கோரிக்கைகளே இதன் வழியே அதிகம் செல்கின்றன. தானாக எழுந்து நடக்க முடியாதவருக்கு இவற்றில் எதுவும் சிறிதன்று.

தோற்றம்

இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் பணியாளரை அழைக்கக் கம்பி இழுத்து ஒலிக்கும் மணிகள் இருந்தன. வரிசையாகத் தொங்கும் மணிகளில் எது ஒலித்தது என்று அறிவது கடினம். ஆகவே, ஒலி நின்ற பிறகும் சற்று நேரம் ஆடிக்கொண்டிருக்கும் ஊசலை மணியுடன் இணைத்தனர்.

இந்தச் சிக்கலை மருத்துவமனைக்குப் பொருத்திப் பார்த்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். 1853ஆம் ஆண்டு லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான விடுதியின் பொறுப்பை அவர் ஏற்றார். பணியில் சேரும் முன்பே நிர்வாகக் குழுவின் கானிங் சீமாட்டிக்குத் தம் தேவைகளை எழுதினார். (பின்னாளில் இந்தியாவின் முதல் வைசிராயான கானிங் பிரபுவின் மனைவிதான் இவர்.) ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய், உணவை மேலே ஏற்றும் தூக்கி ஆகியவற்றுடன் மணியையும் கேட்டிருந்தார். நோயாளிகளின் மணிகள் அந்தந்த மாடியில் செவிலியரின் அறை வாசலில் ஒலிக்க வேண்டும். மணி அடித்ததும் ஒரு மூடி திறந்து, அழைத்தவர் யார் எனச் செவிலியர் காணும்படி திறந்தே இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

ஒலி மறைந்தாலும் அழைப்பு மறையக் கூடாது என்பதே இதன் உட்பொருள். பின்னர் வந்த மின்மணி, கதவின் மேல் எரியும் விளக்கு, கணினித் திரை எல்லாம் இந்த ஒரு கருத்தின் வளர்ச்சி என்றே கூறலாம்.

திறந்த வார்டும் தனி அறையும்

நைட்டிங்கேல் பரிந்துரைத்த வார்டு, ஏறத்தாழ 30 படுக்கைகள் கொண்ட நீண்ட கூடம். 1871இல் லண்டனில் திறக்கப்பட்ட புனித தோமையார் மருத்துவமனைக் கட்டடம் இம்முறையில் அமைந்தது. அங்கு செவிலியரின் பார்வையே பாதி அழைப்பு மணி. நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டுகளில் அந்த வேலையை நோயாளியுடன் இருக்கும் உறவினர் செய்கிறார். இருபதாம் நூற்றாண்டில் தனி அறைகள் பெருகியபோது சுவர் பார்வையை மறைத்தது, மணி இன்றியமையாததாயிற்று.

அடுத்து வந்தது பேசும் வசதி. செவிலியர் இருந்த இடத்திலிருந்தே “என்ன வேண்டும்?” என்று கேட்கலாம். ஒரு நடை மிச்சம். ஆனால் பேசி முடித்ததும் அங்கிருந்தே அழைப்பை அணைத்துவிடவும் முடிந்தது; யாரும் படுக்கைக்குப் போனார்களா என்பதற்குச் சான்று இல்லாமல் போயிற்று. படுக்கைக்கு வந்தவர்தான் அணைக்க முடியும் என்ற பழைய விளக்குமுறை இந்த வகையில் மேலானது என்பது என் கருத்து.

பதில் கிடைக்காத மணிகள்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நேர்ந்த குறைபாடுகளை ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணைகள் ஆராய்ந்தன. பெட்பேன் கேட்டவர்களுக்கும் கழிப்பறைக்குப் போக உதவி கேட்டவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை. சிலர் அழுக்கான விரிப்பிலேயே நெடுநேரம் கிடந்தனர் என அறிக்கைகள் பதிவு செய்தன. அங்கு மணி இல்லாமல் இல்லை. ஓடி வரப் போதிய ஆட்கள் இல்லை என்பது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், செவிலியர்கள் மணிக்கு ஒருமுறை தாமாகவே சென்று நோயாளியின் வலி, கழிப்பறைத் தேவை, கைக்கெட்டும் பொருள்கள் ஆகியவற்றைக் கவனித்தனர். அழைப்புகள் குறைந்தன, நோயாளிகள் விழுவதும் குறைந்தது. உதவி வராதபோது தாமே எழ முயன்று விழுபவர்கள் உண்டு என்பதை எண்ணினால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு புரியும்.

கணினி முறை

கணினி முறையில் கோரிக்கை வகைப்படுத்தப்படுகிறது. தண்ணீர் கேட்டால் உதவியாளருக்கும், வலி என்றால் செவிலியருக்கும் அவரவர் கைப்பேசிக்குச் செய்தி செல்லும். குறித்த நேரத்தில் பதில் இல்லையெனில் அடுத்தவருக்கு நகரும். அழைத்த நேரமும் பதில் தந்த நேரமும் பதிவாகின்றன. முன்பு “நெடுநேரம் அழைத்தேன்” என்ற நோயாளியின் சொல் மட்டுமே இருந்த இடத்தில் இப்போது நிமிடக் கணக்கு இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனை 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளில் அலெக்சா குரல் கருவியைச் சோதனையாக வைத்தது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வாயால் சொன்னாலே போதும்; செய்தி உரியவரின் கைப்பேசியை அடையும். கை அசைக்க இயலாதவருக்கு இது பேருதவி. பேசவும் இயலாதவர்களுக்கு, குழாயில் ஊதியோ உறிஞ்சியோ இயக்கும் விசைகள் இருக்கின்றன.