சங்கிலியில் கட்டிய புத்தகங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

பெரிய பல்கலைக்கழக நூலகங்களின் வாசலில் இரண்டு தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பதிவு செய்யாத புத்தகத்தோடு அவற்றைத் தாண்டினால் கத்தும். இந்தத் தூணுக்குப் பாட்டன் ஓர் இரும்புச் சங்கிலி.

ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூலகம் 1602-இல் திறக்கப்பட்டபோது பெரிய புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். சங்கிலி எட்டும் தூரத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். சங்கிலியை அட்டையின் வெளி ஓரத்தில் பொருத்தியதால், புத்தகத்தின் முதுகு உள்பக்கமும் தாள்களின் விளிம்பு நம் பக்கமுமாக அடுக்கினார்கள். ஹெர்ஃபோர்ட் பேராலயத்தில் இன்றும் அப்படியே பார்க்கலாம். பாட்லியனின் கண்டிப்பு சாமானியமானதல்ல. 1645-இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு நூலை இரவல் கேட்டார்; கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்!

அச்சு பெருகிப் புத்தகம் மலிந்ததும் சங்கிலிகள் கழன்றன. ஆனால் பல இடங்களில் அந்த இடத்துக்குப் பூட்டிய அலமாரி வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வெளியான தம் ஐந்து விதிகள் நூலில் முதல் விதியை விளக்கும்போது இந்தச் சங்கிலிக் காலத்தைப் பற்றித்தான் பேசுகிறார். வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கதவைத் திறந்தால் சில புத்தகங்கள் போகத்தானே செய்யும்? அதற்கு 1970-இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் ஒரு வழி கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெரியாதபடி புத்தகத்துக்குள் ஒட்டப்படும் மெல்லிய காந்தப் பட்டை அது. இரவல் தரும்போது அதைச் செயலிழக்கச் செய்வார்கள். இல்லையென்றால் வாசல் தூண் காட்டிக்கொடுக்கும். பிறகு ரேடியோ அலையில் பேசும் சில்லு வந்தது. சிங்கப்பூர் நூலகங்கள் 1998-லேயே அதைச் சோதித்துப் பார்த்தன. என் கணக்கில் இதன் பெரிய பயன் திருட்டைத் தடுப்பதல்ல, இருப்புச் சரிபார்ப்புதான். கையடக்கக் கருவியை அடுக்கின் ஓரமாக நகர்த்தினால் போதும், தப்பான இடத்தில் செருகப்பட்ட புத்தகமும் அகப்பட்டுவிடும். தொலைந்ததாக எழுதப்படும் நூல்களில் பல இப்படி ஒளிந்திருப்பவைதான்.

தேர்ந்த திருடனுக்கு இதெல்லாம் போதாது. 1990-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்டீஃபன் பிளம்பெர்க் என்பவர் பிடிபட்டபோது அவர் வீட்டில் ஏறத்தாழ 23,600 புத்தகங்கள் இருந்தன. எல்லாம் பல்கலைக்கழகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் எடுத்தவை. ஒரு பேராசிரியரின் அடையாள அட்டையைத் தன்னுடையதுபோல் காட்டி உள்ளே போவார். சாவிகளையும் கைப்பற்றி வைத்திருந்தார். சாவி வைத்திருப்பவனை வாசல் தூண் என்ன செய்யும்?

நம் ஊர்க் கதை வேறு. இங்கே அலமாரி பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் திருடனுக்குப் பயந்து அல்ல, தணிக்கைக்குப் பயந்து. ஒரு நூல் குறைந்தாலும் தன் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று பொறுப்பாளர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளோ, ஓராண்டில் வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் 1,000 நூல்களுக்கு 5 தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. அதில் அலட்சியமோ நேர்மையின்மையோ இருக்கக்கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை. இப்படி ஒரு விதி இருப்பதே பல பொறுப்பாளர்களுக்குத் தெரியாது.

உங்கள் கல்லூரி நூலகத்தில் நீங்களே புத்தகம் எடுக்க முடிந்ததா, சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தீர்களா? கீழே எழுதுங்கள்.