வழிப்போக்கரைத் தங்கவைத்த வழிகாட்டி

விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி, தேடுபவரின் தேவையை விட்டு விளம்பரதாரர் பக்கமே இயல்பாகச் சாயும். இதை முதலில் எழுதியவர்களுள் கூகிளை நிறுவிய செர்கே பிரின்னும் லாரி பேஜும் உண்டு என்றால் வாசகர்கள் வியக்கலாம். 1998இல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தபோது எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் இக்கருத்து இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 2000இல், அவர்களுடைய நிறுவனம் சொற்களுக்கு விளம்பரம் விற்கத் தொடங்கியது.

ஆயினும் வழிகாட்டியின் இலக்கணம் உடனே மாறிவிடவில்லை. யாஹூ போன்ற வாயில் தளங்கள் அஞ்சல், செய்தி, வானிலை எனக் கடைவிரித்து, வந்தவரை உட்காரவைக்க முயன்ற காலம் அது. தேடி வந்தவரை உரிய இடத்துக்கு விரைந்து அனுப்பிவிடுவதே தம் நோக்கம் என்று 2004இலும் ஒரு நேர்காணலில் பேஜ் கூறினார்.

மாற்றம் படிப்படியாக வந்தது. 2006இல் 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு யூடியூபை வாங்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2007இல் இணைப்புகளுக்கிடையே படங்களும் காணொளிகளும் இடம்பெற்றன. 2012 முதல் பல கேள்விகளுக்கு விடையே அப்பக்கத்தில் கிடைத்தது. தன் பொருள் ஒப்பீட்டுச் சேவையை முன்னிறுத்தியதற்காக 2017இல் ஐரோப்பிய ஆணையம் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கைப்பேசியில் தேடல் முடிவுகளின் முதற்பக்கத்தில் 41 விழுக்காடு கூகிளின் சொந்தச் சரக்கே என்று 2020இல் 'தி மார்க்கப்' இதழ் கணக்கிட்டது. கூகிள் அக்கணக்கை ஏற்கவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் டிக்டாக், இன்ஸ்டாகிராம் குறுங்காணொளிகளும் தேடல் பக்கத்தில் தோன்றலாயின. போட்டியாளரின் சரக்கை ஏன் தன் திண்ணையில் பரப்ப வேண்டும்? சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவரும் அன்று கூகிளின் தேடல் பிரிவை நடத்தியவருமான பிரபாகர் ராகவன் 2022இல் கூறிய ஒரு செய்தி இதற்கு விடையளிக்கிறது: மதிய உணவுக்கு இடம் தேடும் இளைஞருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கூகிளை விட்டு அவ்விரு செயலிகளையே நாடுகின்றனர். எங்கே போனாலும் முதலில் தன் வாசலை மிதித்துப் போகட்டும் என்பதே இதன் உட்கிடை என நாம் கருதுகிறோம்.

இதில் இழப்பு யாருக்கு? அந்த விடைகள் யாரோ ஒருவர் உழைத்து எழுதிய பக்கங்களிலிருந்து திரட்டப்பட்டவை. வாசகர் அங்கே போகாவிடில் எழுதுபவர் சோர்வார். எழுத்து நின்றால் நாளை திரட்டுவதற்கும் ஒன்றுமிராது. தேடுபொறி காட்டும் விடையோடு நின்றுவிடாமல், அது பிறந்த பக்கம்வரை நடந்து சென்று வாசிப்பதே நம் கையில் உள்ள சிறு கைம்மாறு.