உப்புப் போரின் நிழற்படச் சாட்சியங்கள்

செய்தி ஒன்று செவிக்கு எட்டும்போது, 'சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்? நிகழ்ந்த இடத்தில் அவர் இருந்தாரா?' என்று வினவுவது அரபுக் கல்விக்கூடங்களில் பயின்றோர்க்குப் பழகிய வழக்கம். ஹதீஸ் கலை மேதைகள் இதனை 'இஸ்னாத்' என்னும் தனித் துறையாகவே வளர்த்தனர். வாசகம் எத்துணை அழகியதாயினும், அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி அறுந்திருப்பின் அச்செய்தி பலவீனமானது என்று குறித்து வைக்க அவர்கள் தயங்கியதில்லை. சொல்லுக்கு வகுக்கப்பட்ட இந்த அளவுகோல் நிழற்படத்துக்கும் வேண்டுமா? படம் கண்ணெதிரே நிற்கிறதே, அது பொய் சொல்லுமா? நம் நாட்டு விடுதலை வரலாற்றில் 1930-ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகப் படங்கள் இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றன.

1930 மார்ச் 12 அன்று காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் சபர்மதி ஆசிரமத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். ஏறத்தாழ 240 மைல் தொலைவைக் கடந்து ஏப்ரல் 5 அன்று தண்டிக் கடற்கரையை அடைந்தார். அன்றிரவு அவர் தங்கியது தாவூதி போஹ்ரா சமூகத்தின் தலைவருக்கு உரிமையான 'சைஃபீ வில்லா' என்னும் இல்லத்தில். மறுநாள் காலை ஒரு பிடி உப்பை எடுத்து ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீறினார்.

இப்பயணம் நிழற்படக் கருவிக்கென்றே வாய்த்தது போன்றிருந்தது. எந்த நாளில் எந்த ஊர் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. நடப்போரும் மெல்லவே நடந்தனர். அக்காலத்துப் பத்திரிகைக் கருவிகள் பல கனமானவை. ஒரு படம் எடுத்த பின் தகட்டை மாற்றி அடுத்ததற்கு ஆயத்தமாக வேண்டும். கலவரத்தின் பின்னே ஓடிப் படம் பிடிப்பது அவற்றுக்கு எளிதன்று. ஆனால் கைத்தடி ஊன்றி வரும் ஒருவரை ஊர் எல்லையில் காத்திருந்து எடுப்பது இயலும். எனவே அந்த 24 நாட்களின் படங்கள் உலகெங்கும் பரவின.

இதனினும் ஆழ்ந்த பொருத்தம் ஒன்று உண்டு. இரு தரப்பாரும் கல்லும் கழியும் ஏந்தி மோதும் படத்தைப் பார்ப்பவர், தொடங்கியவர் யார் என்று அறிய முடியாது. ஒரு பக்கத்தில் ஓங்கிய தடியும் மறுபக்கத்தில் வெறுங்கையும் இருக்கும் படத்துக்கோ விளக்கவுரை வேண்டுவதில்லை. அறப்போரின் வலிமை காண்போரின் மனசாட்சியைத் தொடுவதில் இருக்கிறது. காண்போர் இல்லையேல் அவ்வலிமை பாதியாகக் குறைந்துவிடும். இந்த உண்மையை ஆட்சியாளரும் அறிந்திருந்தனர். தண்டிப் பயணத்தைக் காட்டிய திரைப்படச் சுருள்கள் தடை செய்யப்பட்டன. 1930 ஏப்ரல் 27 அன்று பத்திரிகைகளை ஒடுக்கும் அவசரச் சட்டமும் பிறப்பிக்கப்பட்டது.

இனி, நாம் அனைவரும் கண்டிருக்கும் ஒரு படத்துக்கு வருவோம். காந்தியடிகள் குனிந்து தரையிலிருந்து உப்பை அள்ளுகிறார்; அவர் பின்னே சிலர் நிற்கின்றனர். பள்ளிப் பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும், '1930 ஏப்ரல் 6, தண்டி' என்னும் குறிப்புடன் இப்படத்தைக் கண்டவர் பலர். ஆனால் இது தண்டியில் எடுக்கப்பட்டதன்று. ஏப்ரல் 9 அன்று, சூரத் நகருக்கு அண்மையிலுள்ள பீம்ராட் என்னும் ஊரில் அவர் மீண்டும் சட்டத்தை மீறியபோது எடுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். படம் பொய் சொல்லவில்லை. படத்தின் அடியில் எழுதியவரே பிழை செய்தார். பின்வந்தோர் அதனைச் சரிபாராமல் பெயர்த்தெழுதினர். அறிவிப்பாளர் தொடர் அறுந்தால் உண்மையான வாசகமும் தவறான இடத்தில் போய் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

மூன்று நாள் வேறுபாட்டால் என்ன கெட்டுப்போயிற்று என்று சிலர் கேட்கலாம். கெட்டுப்போவது நாளும் ஊரும் மட்டுமல்ல, மனிதர்களும் மறைந்துபோகின்றனர். அப்படத்தில் காந்தியடிகளுக்குப் பின்னே நிற்கும் பெண்மணி மீட்டுபென் பெட்டிட். பம்பாயின் செல்வம் மிக்க பார்சிக் குடும்பத்தில் பிறந்து, கதர் உடுத்தித் தொண்டில் இறங்கியவர். கோடிக்கணக்கானோர் அவர் முகத்தைக் கண்டுள்ளனர். பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

முஸ்லிம் பெருமக்களின் நிலையும் இதுவே. மே மாதத் தொடக்கத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதும், தராசனா உப்பளத்தை நோக்கிய அறப்போருக்குத் தலைமை ஏற்றவர் அப்பாஸ் தையப்ஜி. பரோடா சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அப்போது அவருக்கு வயது 76. மே 12 அன்று அவரும் கைதானார். அதன் பின்னர் சரோஜினி நாயுடு தலைமை தாங்க, மே 21 அன்று ஏறத்தாழ 2500 தொண்டர்கள் உப்பளத்தை நோக்கி நடந்தனர். அவர்களை நடத்திச் சென்றோருள் காந்தியடிகளின் மகன் மணிலாலும், தென்னாப்பிரிக்காவிலேயே காந்தியடிகளுடன் போராடியவரான இமாம் சாஹிப் அப்துல் காதிர் பாவஸீரும் இருந்தனர். அணி அணியாக முன்சென்றவர்கள் தடியடிக்குத் தலை கொடுத்தார்களேயன்றி, தடுக்கவும் கை உயர்த்தவில்லை.

அந்நாளை உலகம் அறிந்தது பெரிதும் எழுத்தினால்தான். யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் வெப் மில்லர் என்னும் அமெரிக்கர் அங்கே நின்று கண்டதை எழுதினார். தற்காலிக மருத்துவக் கொட்டகையில் காயமுற்ற 320 பேரை எண்ணியதாகவும், இருவர் இறந்ததாகவும் குறித்தார். அவர் அனுப்பிய தந்தி முதலில் தடுக்கப்பட்டது. பின்னர் உலக நாளேடுகள் பலவற்றில் வெளிவந்தது. பெயரும் இடமும் எண்ணிக்கையும் உடைய அந்த எழுத்து இன்றும் உறுதியான சாட்சியாக நிற்கிறது.

இதற்கு மாறான நிலை பம்பாய்ப் படங்களுக்கு நேர்ந்தது. 1930-31 ஆண்டுகளில் அந்நகரத் தெருக்களில் நிகழ்ந்த ஊர்வலங்கள், உப்புக் காய்ச்சுதல், அந்நியத் துணி மறுப்பு, தடியடி ஆகியவற்றைக் காட்டும் தொகுப்பேடு ஒன்று தில்லியிலுள்ள அல்காஸி தொகுப்பில் காக்கப்படுகிறது. வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிய பெண்கள் அணி அணியாக அவற்றில் காட்சி தருகின்றனர். ஏட்டின் மேலே கே. எல். நர்ஸி என்னும் பெயர் உண்டு. ஆனால் கருவியைத் தூக்கிக்கொண்டு அத்தெருக்களில் நின்றவர்களும், படத்தில் உள்ள எண்ணற்ற பெண்களும் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே நம்மைப் பார்க்கின்றனர். சாட்சி இருக்கிறது, சாட்சி சொன்னவரின் பெயர்தான் இல்லை.

படங்களைத் தேடித் திரட்டுவதும் ஒரு தவமே என்பதை நம் தமிழர் ஒருவர் மெய்ப்பித்தார். கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் பலர் எடுத்த சுருள்களைத் தேடி, அவர் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அலைந்தார். ஏறத்தாழ 50000 அடிச் சுருள்களைத் திரட்டி, அவற்றிலிருந்து 12000 அடிப் படம் ஒன்றை உருவாக்கி, 1940-இல் தமிழ் விளக்கத்துடன் வெளியிட்டார். அத்தகைய உழைப்பின் விளைவான அந்தத் தமிழ்ப் படமும் பின்னாளில் முழுமையாகக் கிட்டாமற் போயிற்று. எடுப்பது ஒரு பணி. திரட்டுவது மற்றொரு பணி. காப்பது மூன்றாவது பணி. மூன்றாவது தவறினால் முன்னிரண்டும் வீணாகும்.

அன்பர்களே! உருவப்படத்தைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்து வந்ததை நாம் அறிவோம். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் நிழற்படம் ஆகுமானதே என்று தனி நூலே எழுதினார். ஆயினும், பேணுதல் கருதிப் படமெடுப்பதைத் தவிர்த்த முன்னோர் உண்டு. எனவே, எஞ்சியிருக்கும் படங்கள் இன்னும் அருமையானவை. கதர்க் குல்லா அணிந்த பாட்டனார், கூட்ட மேடையில் அமர்ந்த ஊர்ப் பெரியவர், சிறை மீண்டவருக்கு மாலையிடும் இளைஞர் என்று ஏதேனும் ஒரு படம் உங்கள் வீட்டுப் பெட்டியில் மங்கிக் கிடக்கலாம். அதிலுள்ளோரை இனங்காட்டக்கூடிய முதியவர் இன்று இருக்கிறார். நாளை இருப்பார் என்பதற்கு யார் பொறுப்பு?

அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு, எடுத்தவர் யார், இதைச் சொன்னவர் யார் என்னும் ஐந்தையும் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். ஐயமானதை ஐயம் என்றே குறியுங்கள். விடுதலைப் போரில் நம்மவரின் பங்கு என்ன என்று நாளை எவரேனும் வினவும்போது, மேடை முழக்கத்தைவிட அந்தப் பென்சில் வரி உரத்துப் பேசும்.