உக்காவும் தண்ணீரும்

தண்ணீருக்குள் புகுந்து வரும் புகையில் நஞ்சு நீங்கிவிடும் என்ற நம்பிக்கை, உக்காவைப் போலவே பழையது. இந்நம்பிக்கைக்கு ஒரு வைத்தியரின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். அக்பரின் அவையிலிருந்த ஹக்கீம் அபுல் ஃபத் கிலானியே இக்கருவியை முதன்முதல் ஆக்கியவர் என்பது பரவலாக வழங்கும் கதை. அவர் இறந்ததோ 1589இல். அக்பர் புகையிலையை முதன்முதல் தொட்டது அதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளின் பின்னர். எனவே கதையை நாம் ஐயத்துடனேயே நோக்கவேண்டியிருக்கிறது.

ஐயத்துக்கு இடமில்லாத நிகழ்ச்சி வேறொன்றுண்டு. 1604ஐ அண்டிய காலத்தில், பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அசத் பேக் என்ற அதிகாரி, மணிகள் பதித்த புகைக்குழாயையும் புகையிலையையும் மன்னர்முன் வைத்தார். அக்பர் சிறிது இழுத்துப் பார்த்தார். அவை வைத்தியர் குறுக்கிட்டார். பறங்கியர் கைக்கொண்டார்கள் என்பதற்காக, நம் அறிஞர் சோதித்தறியாத பழக்கத்தை நாமும் ஏற்பதா என்பது அவர் வாதம். எந்த வழக்கமும் ஒருகாலத்தில் புதிதாய் இருந்ததுதானே என்றார் அசத் பேக். நாவன்மையில் அசத் பேக் வென்றார். மன்னர் அப்பழக்கத்தைக் கொள்ளவில்லை, பிரபுக்களோ கொண்டார்கள். 1617இல் ஜஹாங்கீர் புகையிலையைத் தடைசெய்தபோது காலம் கடந்துவிட்டது. சோதித்துப் பார்க்கவேண்டும் என்ற அந்த வைத்தியரின் எளிய கோரிக்கை நிறைவேற 400 ஆண்டுகள் சென்றன. அதனைப் பின்னர் காண்போம்.

பிரபுக்கள் கைக்கு வந்தபின் உக்கா ஓர் ஆடம்பரப் பொருளாயிற்று. பீதார் நகரக் கம்மியர், துத்தநாகக் கலவையில் அடிக்கலம் வார்த்து, வெள்ளி இழைத்து, கோட்டை மண்ணால் அதனைக் கருமையாக்கினர். இன்று அருங்காட்சியகங்களில் நாம் வியந்து நிற்கும் கலங்கள் அவை. கல்கத்தாவின் வெள்ளைத் துரைமாரும் இதில் பின்தங்கவில்லை. 1779இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் அனுப்பிய விருந்தழைப்பு, விருந்தினர் தம் உக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை அழைத்துவர வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டது. புகையிலையை வெல்லப்பாகுடன் பிசைந்து, கரியை ஊதிக் கனியவைத்து, எஜமானரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவனே உக்காபர்தார். கரிப்புகையை முதலில் உட்கொண்டவன் அவன். அவ்வழைப்பில் அவனுக்குப் பெயரில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துரைமார் உக்காவை விட்டுச் சுருட்டுக்கு மாறினர். (நம்முடைய ‘சுருட்டு’ என்ற சொல்லே அவர்கள் மொழியில் ‘செரூட்’ ஆயிற்று.)

கிராமத்து உக்காவின் வரலாறு இதனினும் கனமானது. அங்கே வெள்ளிக் கலமில்லை. பல இடங்களில் தேங்காய்ச் சிரட்டையே கலம். மேற்காசிய நாடுகளில் இக்கருவிக்கு வழங்கும் ‘நார்கீலே’ என்ற பெயரும் தேங்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே. ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் பொழுது சாயும் வேளையில் ஊர்ச் சாவடியில் முதியோர் வட்டமாக அமர்வர். குழாய் கைமாறும். வழக்குகள் பேசப்படும், திருமணங்கள் நிச்சயிக்கப்படும். வெளியிலிருந்து பார்ப்பவர் இதனைச் சமத்துவக் காட்சி என்று மயங்கலாம். பலர் மயங்கியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வட்டம் சாதியின் வட்டம். தாழ்த்தப்பட்ட மக்களின் உதடு அக்குழாயைத் தொடலாகாது.

‘ஹுக்கா பானி பந்த்’ என்பது அங்குள்ள பஞ்சாயத்துகளின் தண்டனைமொழி. உக்காவும் தண்ணீரும் நிறுத்தம் என்பது அதன் பொருள். சாதி கடந்து மணம் முடித்தவரையும் பஞ்சாயத்தின் சொல்லை மீறியவரையும் இவ்வாறு விலக்கிவைத்தனர். அக்குடும்பத்துடன் எவரும் புகைக்கமாட்டார். எவரும் தண்ணீர் கொடுக்கமாட்டார். கொள்வினை கொடுப்பினை இல்லை. அண்டைவீட்டார் உதவியின்றி அறுவடையை முடிக்கமுடியாத உழவனுக்கு இதன் பொருள் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் சிலருக்கு மட்டும் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றிய காலத்தை அறிந்த நமக்கு, பொதுப் பாத்திரம் எவ்வளவு கூரிய ஆயுதமாகக்கூடும் என்பது புதிதன்று.

வங்காளத்திலும் விருந்தறையில் சாதிக்கொரு உக்கா வைப்பது வழக்கமாயிருந்தது. பிற்காலத்தில் விவேகானந்தராக அறியப்பட்ட சிறுவன், வழக்கறிஞரான தந்தையின் அறையிலிருந்த உக்காக்கள் ஒவ்வொன்றிலும் வாய்வைத்து இழுத்து, சாதி எவ்வாறு போகிறதென்று பார்த்தான் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அசத் பேக்கின் காலத்து வைத்தியர் கேட்ட சோதனை இதுவன்று. எனினும் இதுவும் சோதனைதான்.

வைத்தியர் கேட்ட சோதனையின் முடிவுகளை 2005இல் உலக சுகாதார ஸ்தாபனம் தொகுத்து வெளியிட்டது. சிகரெட் பிடிப்பவர் 5 முதல் 7 நிமிடங்களில் 8 முதல் 12 தடவை இழுக்கிறார். உக்கா பிடிப்பவர் 20 முதல் 80 நிமிடங்கள் வரை அமர்ந்து 50 முதல் 200 தடவை இழுக்கிறார். அதுவும் நெஞ்சு நிறைய இழுக்கிறார். ஓர் அமர்வில் 100 சிகரெட்டுகளின் அளவுக்கும் மேற்பட்ட புகை உள்ளே செல்லக்கூடும். தண்ணீர் நிக்கொட்டினில் ஒரு பகுதியை உறிஞ்சுவது மெய்யே. தாரையும் காபனோரொட்சைட்டையும் அது பெரும்பாலும் தடுப்பதில்லை. காபனோரொட்சைட்டோ பெருமளவில் கரிநெருப்பிலிருந்தே வருகிறது. தண்ணீர் செய்வதெல்லாம் புகையைக் குளிரவைப்பதே. குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாது; ஆகவே இன்னும் ஆழமாக இழுக்கப்படுகிறது. நுரையீரற் புற்றுநோயும் இதயநோயும் அவ்வழியே வருகின்றன. ஒரே குழாய் பல வாய்களுக்குச் செல்கையில் காசநோய்க் கிருமியும் உடன் செல்லக்கூடும்.

தாழ்த்தப்பட்டவரின் உதடு பட்டால் தீட்டு என்று நூற்றாண்டுக் கணக்கில் காவல் காத்த வட்டத்தில், சொந்தச் சாதிக்காரரின் இருமல் தடையின்றிக் கைமாறி வந்தது.

1990களில் பழச்சுவையூட்டிய புகையிலை பெருகியபின் உக்கா நகரத்து இளைஞரிடம் சென்றது. கூடங்கள் முளைத்தன, தடைகளும் பின்தொடர்ந்தன. குஜராத் 2017இலும் மகாராஷ்டிரம் 2018இலும் கர்நாடகம் 2024இலும் தடைவிதித்தன. ஹரியானாவில் 2023இல் முதலமைச்சர் உணவகங்களிலும் கூடங்களிலும் உக்கா வழங்குவதற்குத் தடையை அறிவித்தார். கிராமங்களின் பாரம்பரிய உக்காவுக்கு அத்தடை பொருந்தாது என்றும் உடனே சேர்த்துக்கொண்டார்.