முன்னால் விட்ட இடம்

கம்பியில் போகும் பாக்கெட்டில் ஹெட்டர்கள் முன்னால், தகவல் பின்னால். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் அது உருவாவது தலைகீழாக. முதலில் தகவல் வருகிறது. அதற்கு முன் டிசிபியின் 20 பைட், அதற்கும் முன் ஐபியின் 20, கடைசியாக ஈதர்நெட்டின் 14. ஒவ்வொரு அடுக்கும் முன்பக்கம்தான் இடம் கேட்கிறது. இடம் இல்லையென்றால் இருப்பதையெல்லாம் வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். 1980களின் வாக்ஸ் கணினிகளுக்கு அது கனமான வேலை.

1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2பிஎஸ்டி இயங்குதளம், பாக்கெட்டை ‘எம்பஃப்’ என்ற 128 பைட் துண்டுகளின் சங்கிலியாக வைத்தது. ஒரு துண்டில் தகவலுக்கு 112 பைட். அதில் டிசிபி, தனக்கும் ஐபிக்குமான 40 பைட்டைத் தொடக்கத்தில் எழுதவில்லை, கடைக்கோடியில் எழுதியது. முன்னால் 72 பைட் காலி. பிறகு வரும் ஈதர்நெட் டிரைவர், தகவல் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் எண்ணில் 14ஐக் கழித்துவிட்டு அங்கேயே எழுதிக்கொள்ளும். தையல்காரர் உள்மடிப்பில் துணி விட்டுத் தைப்பதைப் போன்ற முன்யோசனை. இடம் போதாத நேரத்தில் இன்னொரு எம்பஃப் முன்னால் கோர்க்கப்படும்.

லினக்ஸ் இந்தச் சங்கிலி வழியில் போகவில்லை. அதன் ‘எஸ்கே_பஃப்’ தொடக்கத்தில் ஒரே நீளத் துண்டு; லினக்ஸ் நிரலாளர் ஆலன் காக்ஸ் 1996 அக்டோபர் ‘லினக்ஸ் ஜர்னல்’ இதழில் அதை விளக்கி எழுதினார். முன்னால் கோர்க்க வழியில்லாததால், எவ்வளவு இடம் விடுவது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். துண்டு காலியாக இருக்கும்போதே ‘எஸ்கேபி_ரிசர்வ்’ முன்பக்கத்தை ஒதுக்கும். பிறகு ‘எஸ்கேபி_புஷ்’ அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். ஒதுக்கியதைத் தாண்டி எடுத்தால் மன்னிப்பு கிடையாது. கெர்னல் அதே இடத்தில் ‘பேனிக்’ ஆகி நிற்கும். கடுமைதான், ஆனால் அடுத்தவருடைய நினைவகத்தில் சத்தமில்லாமல் எழுதிவிட்டு ஓடுவதைவிட இது மேல்.

பாக்கெட் உள்ளே வரும்போது இதே ஒதுக்கலுக்கு வேறொரு பயன். ஈதர்நெட்டின் 14 நான்கால் வகுபடாது. அதனால் பல டிரைவர்கள் முன்னால் 2 பைட் விட்டு, ஐபி ஹெட்டரை 16ஆவது பைட்டில் உட்கார வைக்கின்றன.

ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும், பின்னால் வந்த சுரங்க நெறிமுறைகள் முன்பக்கத்தை இன்னும் நெருக்கின. விஎக்ஸ்லேன் மட்டுமே 50 பைட் கேட்கிறது. டிரைவர் மட்டத்திலேயே ஓடும் எக்ஸ்டிபி நிரல்களுக்காக லினக்ஸ் வகுத்த முன்னிடம் 256 பைட். அதுவும் போதாதபோது இங்கே பேனிக் இல்லை. நிரலுக்கு ஒரு பிழை எண் திரும்பி வரும், பாக்கெட்டை என்ன செய்வது என்பது நிரலின் முடிவு.